பஸ் கூரை மேல் ஒரு முகம்

காலையில் காபி ஆறுவதற்குள் ஜெசிந்தா தன் படக்காப்பகத்தைத் திறந்து, யார் யார் முகம் போயிருக்கிறது என்று பார்த்துவிடுவாள். முகவிசைவுச் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. செய்திப்படத்தில் இருக்கும் எவரும் தன் இசைவைத் திரும்பப் பெறலாம். அந்தக் கணமே எல்லாத் திரைகளிலும் அந்த முகம் வெறும் சாம்பல் வட்டமாகிவிடும். போன வாரம் ஒரு தலைவர் வீட்டுக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை காணாமல் போனார். மணப்பெண் மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்று காபி இறங்கவில்லை. பழவேற்காட்டு வெள்ளத்தில், பாதி மூழ்கிய பஸ்ஸின் கூரை மேல் தனியாக உட்கார்ந்திருந்த நான்கு வயதுக் குழந்தைக்கு இன்று பதினெட்டு. முப்பது வருடப் பத்திரிகை வேலையில் ஜெசிந்தாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த ஒரு படம்தான். கெட்ட பெயரும் அதனால்தான். குழந்தையைக் காப்பாற்றாமல் படம் பிடித்தவள் என்று ஊரே வறுத்தெடுத்தது. அப்படி இல்லையென்று காட்ட அவளிடம் ஆதாரம் இல்லை. குழந்தை இருக்கும் படத்தொகுப்பில் வெளியான ஒன்றைத் தவிர மீதியைச் சட்டம் பூட்டிவிடும். பதினெட்டு வயதானதும் அந்தக் குழந்தையால்தான் திறக்க முடியும். குழந்தைப் படமென்றால் மட்டும், முகம் இருக்கட்டுமா, போகட்டுமா என்பதையும் படம் பிடித்தவரின் எதிரே வந்துதான் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு நஸ்ரீன் வந்தாள்.

“பஸ் பொண்ணு, பஸ் பொண்ணுன்னே கூப்பிட்டாங்க மேடம். எனக்கு அந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது.”

“அழிச்சிடும்மா. உன் முகம், உன் இஷ்டம்.” சொல்லிவிட்டு ஜெசிந்தா ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தாள்.

“அழிக்கத்தான் கிளம்பினேன். வர்ற வழியில மீதியைத் திறந்து பாத்தேன்.” நஸ்ரீன் கைத்திரையை நீட்டினாள்.

பதினொரு படங்கள். எல்லாம் கோணல்மாணல். நனைந்த முடி, ஜெசிந்தா இன்றும் போட்டிருக்கும் அதே தோட்டோடு ஒரு காது, சுற்றிலும் கழுத்தளவுத் தண்ணீர். கேமரா நனையக்கூடாதென்று குழந்தையின் கழுத்தில் மாட்டி, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது ஜெசிந்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. வழியெல்லாம் குழந்தை பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தது மட்டும் தெரியாது.

“யாரோ தூக்கிட்டு வந்து முகாம்ல விட்டாங்கன்னுதான் அம்மாவுக்குத் தெரியும். நீங்கதான்னு ஏன் மேடம் சொல்லல?”

“சொன்னா யாரும்மா நம்புவாங்க?” ஜெசிந்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு வருட பாரம் இறங்கிய நிம்மதியில் வந்த அழுகை. அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

“என் முகம் இருக்கட்டும். ஆனா இந்தக் காதுப் படத்தையும் பக்கத்துல போடணும். அதுக்கு உங்க இசைவு வேணும்.”

“என் காது மட்டும்தானேடி தெரியுது!”

“சட்டப்படி காதும் முகம்தான் மேடம்.”

ஆயிரம் பேரிடம் இசைவு கேட்டவள், முதல் தடவையாகத் தானே இசைந்து, சிரித்தபடி கைத்திரையில் கட்டைவிரலை வைத்தாள்.

மறுநாள் காபி சூடாக இருக்கும்போதே காப்பகத்தைத் திறந்தாள். பஸ் கூரை மேல் முகம் அப்படியே இருந்தது. பக்கத்தில் அவளுடைய காது. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘படம்: நஸ்ரீன், வயது நான்கு.’