முன்னால் போனவன்

சரிவில் இருவரும் சைக்கிள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் யாரோ மிதிக்கிற சத்தம் கேட்டது. செயின் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஈரமான சரசரப்பு அது. கணவன் பஸ்தியான் அர்மேலுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். சத்தமோ அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். பனிமூட்டம்தான் தெரிந்தது. பிரான்ஸில் இந்த லோத் ஆற்றங்கரையில் நவம்பர் பிறந்துவிட்டால் மத்தியானம் தாண்டும்போதே தண்ணீரிலிருந்து மெல்ல எழும்பி, வால்நட் தோப்புகளுக்குள் புகுந்து, மரத்தடியில் அழுகிக் கிடக்கும் கறுத்த காய்த்தோல்களின் கசப்பு வாடையையும் எங்கோ எரியும் ஈரச் சருகின் புகையையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு, பாதையின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றுவிடுகிற மூட்டம். அதற்குள் ஆறு ஓடுகிற சத்தம் இருந்தது. வாத்து ஒன்று கத்தியது. கூடவே அந்தச் சரசரப்பும் இருந்தது.

மார்ச் மாதம் பஸ்தியானின் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவன் லிமோஜ் நகரத்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைந்தது, சிரிப்பு அடியோடு போயிற்று. “சைக்கிளா? மெதுவாப் போனா நல்லதுதான்” என்று டாக்டர் சொன்ன ஒற்றைச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டு இந்தப் பயணத்தைக் கிளப்பியவள் அர்மேல்தான். மேடு அதிகம் இல்லாத ஆற்றோரப் பாதை, ஊருக்கு ஊர் காப்பி, மத்தியானம் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும், சாயங்காலம் யாராவது வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. அவனைப் பழைய பஸ்தியானாக உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

“பின்னாடி யாரோ வர்றாங்க,” என்றாள்.

“வரட்டுமே. ரோட்ட உங்கப்பா உன் பேருக்கு எழுதி வச்சிருக்காரா?”

“பொன்ழூர்னு ஒரு வணக்கம் கூடச் சொல்லல.”

“அப்ப பாரிஸ்காரன்தான்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் அர்மேல் பின்னால் வருகிற சத்தத்தை விட்டுவிட்டாள்.

இருவரும் இளம் வயதில் ஒரே சைக்கிள் கிளப்பில் சந்தித்தவர்கள். கிளப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை மார்பில் வாங்குவார். பின்னால் வருகிறவர்கள் அவர் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு பாதிப் பாடு படாமல் வருவார்கள். களைத்ததும் முழங்கையை வெளிப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி அவர் ஒதுங்கினால், அடுத்தவர் முன்னால் வந்தாக வேண்டும். முறைக்கு வராமல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வருபவனுக்குச் சக்கரம் உறிஞ்சி என்று பெயர். அதைவிடக் கேவலமான பட்டம் கிளப்பில் கிடையாது.

பஸ்தியானுக்குப் பழைய குறும்பு திரும்பியிருந்தது. தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தான்.

“முசியே, ஓசி சவாரி போதும். உங்க முறை, முன்னாடி வாங்க.”

முழங்கையை வெட்டினான். பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கினான்.

அது வந்தது.

அர்மேலின் இடப்பக்கமாக, அவள் தோளை உரசாத குறையாக, அவசரமே இல்லாமல் கடந்தது. ஆற்றின் அடிச்சேறு வாடை. மார்கழிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போன்ற குளிர். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கம்பளிச் சட்டையும் வளைந்த முதுகும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அர்மேலின் வாயிலிருந்தும் பஸ்தியானின் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. அந்த மூன்றாவது ஆளுக்கு முன்னால் எதுவும் புகையவில்லை.

பஸ்தியான் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் அர்மேல்.

“அடேயப்பா, என்ன ஆளு இவரு! காத்தே இல்ல அர்மேல். மிதிக்கிற மாதிரியே தெரியல.”

அவளுக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து கனத்த தொடைகள் பஞ்சாகிவிட்டன. வால்நட் மரங்கள் மூட்டத்திலிருந்து வெளியே வந்து, நின்று பார்க்க நேரமில்லாமல் பின்னால் போயின. சுகமாகத்தான் இருந்தது. தைத்த நெஞ்சோடு இருக்கிற மனிதனுக்கு இது எவ்வளவு சுகமாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“கொஞ்சம் மெதுவா,” என்றாள். “ஊரு கிட்ட வந்துடுச்சு.”

அன்று இரவு தங்கவேண்டிய வீட்டின் சொந்தக்காரி மதாம் தெல்பெக் காலையில் போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். “ஊருக்கு முன்னாடி பாதை ரெண்டாப் பிரியும். மேல ஏறுறது நம்ம வீட்டுக்கு. கீழ இறங்குறது பழைய படகுத்துறை, நேரா தண்ணிக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். மூட்டத்துல பாத்து வாங்கம்மா.”

பஸ்தியான் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தான். முன்னால் இருந்தவனும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அப்போதுதான் அவள் கால்களைக் கவனித்தாள். முன்னால் இருந்தவனின் வலது முழங்கால் எழும்பும்போது பஸ்தியானின் வலது முழங்கால் எழும்பியது. இடது இறங்கும்போது இடது இறங்கியது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவையும் அதே கணக்கில் சுழன்றுகொண்டிருந்தன. நிறுத்த நினைத்தாள். நிற்கவில்லை. மறுபடி நினைத்தாள். கால்கள் வேறு யாருடையவோ போலச் சுழன்றன.

கை மட்டும் அவளுடையதாக இருந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். டயர் சருகில் வழுக்கியது. அவளுக்கும் பஸ்தியானுக்கும் நடுவே ஒரு கஜம் இடைவெளி விழுந்தது. விழுந்ததும் காற்று முகத்தில் அறைந்தது, தொடை வலித்தது, கால் நின்றது. அந்த வலி அவளுக்குத் தாய் முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

“பஸ்தியான், நிறுத்து.”

“நிக்க மாட்டேங்குது.” குரலில் குறும்பு இல்லை. “கால் என் பேச்சக் கேக்கல.”

“பிரேக்கப் பிடி.”

“விரலு மடங்கல அர்மேல்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல. அதான் பயமா இருக்கு.”

மூட்டம் அவனை மூடியது.

அவள் துரத்தினாள். எதிர்க்காற்றை மறைக்க யாரும் இல்லை. கேரியர் பைகள் பின்னுக்கு இழுத்தன. வாயில் இரும்பு ருசி. மாத்திரை டப்பா பைக்குள் கடகடத்தது, அவனுடைய மாத்திரைகள். நான்தான் கூட்டி வந்தேன். நான்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நான்தான் இழுத்து வந்தேன். செயின் சத்தம் முன்னால் கேட்டது. ஒற்றைச் செயின் போலக் கேட்டது. இரண்டும் அவ்வளவு ஒத்துப்போயிருந்தன.

பாதை பிரிந்தது.

மேலே, மூட்டத்துக்குள் மஞ்சளாக ஒரு ஜன்னல். கீழே, கல் பாவிய சரிவு.

சத்தம் கீழே போயிற்று.

அவளும் இறங்கினாள். பாசி. வழுக்கல். பஸ்தியானின் முதுகு. அதற்கு முன்னால் அந்த முதுகு. அது தண்ணீருக்கு முன்னால் தயங்கவில்லை. தண்ணீர் தெறிக்கவும் இல்லை. சக்கரம் போயிற்று. முழங்கால் போயிற்று. முதுகு போயிற்று. தலை போயிற்று. மிதித்துக்கொண்டே போயிற்று.

பஸ்தியானின் முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது.

அர்மேல் ஓடும் சைக்கிளிலிருந்து பாய்ந்தாள். அவன் இடுப்பு கைக்கு அகப்பட்டது. இருவரும் கல்லில் விழுந்தார்கள். அவள் முழங்கை நொறுங்கியது போல வலித்தது. விடவில்லை. அவன் சைக்கிள் மட்டும் ஆளில்லாமல் நிமிர்ந்தபடி ஆற்றுக்குள் இறங்கிப் போயிற்று.

“கிடச்சிட்ட,” என்றாள். “கிடச்சிட்டடா. கிடச்சிட்ட.” அவன் கன்னத்தில், நெற்றியில், காதில் முத்தமிட்டாள். உடம்பு சூடாக இருந்தது. உயிரோடு இருந்தான்.

சத்தம் கேட்டு மதாம் தெல்பெக் விளக்கோடு ஓடிவந்தாள். பருத்த, பலசாலியான பெண். ஆளுக்கொரு தோளாகப் பிடித்து அவனை மேலே இழுத்துச் சென்று, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் கிடத்தினார்கள். மதாம் தெல்பெக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டு வாசனை. அர்மேல் அவன் சட்டையைத் திறந்து, தையல் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இதயம் ஒழுங்காக அடித்தது. அவள் வாய்விட்டு அழுதாள். பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை என்று அழுதாள்.

“அழாதீங்கம்மா. ஆள் நல்லாத்தான இருக்காரு,” என்று மதாம் தெல்பெக் கம்பளியைப் போர்த்தினாள். பிறகு அவள் கை நின்றது. “மதாம். இவரு காலு.”

கம்பளிக்குள் முழங்கால்கள் எழும்பின. இறங்கின. எழும்பின.

மதாம் தெல்பெக் இரண்டு கையாலும் அமுக்கினாள். அவளையும் தூக்கிக்கொண்டு எழும்பின. “நீங்களும் பிடிங்க. என்னால முடியல.” அர்மேல் குறுக்கே படுத்தாள். கால்கள் அவளுக்கடியில் சுழன்றன. உள்ளங்கைக்குக் கீழே இதயம் கால்களின் கணக்குக்கு மாறியது. வேகம் கூடியது.

“பஸ்தியான். இங்க பாரு. என்னப் பாரு.”

அவன் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது. சாண் தூரத்தில் முன்னால் ஓடும் எதையோ, விலகாமல், பார்த்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்புத் தீ அசையவில்லை. அவன் நெற்றி முடி மட்டும் எதிர்க்காற்றில் போவது போலப் பின்னால் பறந்தது.

பிறகு பறப்பது நின்றது.

முடி மெதுவாக மேலே எழும்பியது. ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது. தண்ணீருக்கடியில் பாசி அசைவது போல இங்கும் அங்கும் அசைந்தது.

அர்மேல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் உதடு பிரிந்தது. காய்ந்த, சூடான அந்தச் சமையலறையில், அவன் வாயிலிருந்து ஒரு குமிழி வெளியே வந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் மெல்ல மெல்ல உத்தரத்தை நோக்கி ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.