பொத்தான் வெளிக்குப் போகவில்லை

நலக்கண் நான்காவது முறையும் பச்சை விளக்கைத்தான் காட்டியது.

"பொத்தான். வயது ஆறு. எடை நான்கு கிலோ. இதயம் நலம். ஈரல் நலம். குடல் நலம்" என்றது சுவரில் பதித்திருந்த அந்த மருத்துவப் பொறி. தரையில் அந்தச் சின்னக் கறுப்பு நாய் முதுகை வில்லாக வளைத்து, பின்னங்கால்கள் நடுங்க, எதையோ வெளியே தள்ளப் பார்த்து முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக இதே கதைதான்.

"குடல் நல்லா இருந்தா ஏன் இப்படி அழுகுது?" என்று கேட்டாள் நித்திலா.

"கேள்வி புரியவில்லை" என்றது நலக்கண்.

நித்திலாவுக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூருக்கு வடக்கே எச்சமிலி ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை. எச்சமிலி என்ற அந்த உணவு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. உண்டது முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடும். மிச்சம் என்று ஒன்றும் வராது. மாதத்தில் ஒருநாள் சுண்டுவிரல் நுனியளவு வந்தால் உண்டு, அதை ஓர் உறிஞ்சுதாள் பார்த்துக்கொள்ளும். வீடுகளிலிருந்து முதலில் சமையலறை போயிற்று. பிறகு கட்டிய அடுக்ககங்களில் கழிப்பறையும் போயிற்று. மூலையில் சிறுநீருக்கு ஒரு குழியோடு சரி. நொய்யல் ஆறு தெளிந்து, அதில் பிள்ளைகள் நீந்தினார்கள். நித்திலாவுக்கு இதிலெல்லாம் உள்ளூரப் பெருமை. நாய்களுக்கான எச்சமிலி வில்லைகள் அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஆலையை விட்டு வெளியே போகும்.

மலச்சிக்கல் என்ற சொல்லை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிய அன்று ஆலையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். இல்லாத நோயை நலக்கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

மூன்று வருடம் முன்பு, கணவன் பிரிந்துபோன மாதத்தில், ஆலை வாசலிலிருந்து அவள் பின்னாலேயே வந்த நாய் அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கும் உயிர் அது ஒன்றுதான். அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பெரிய மருத்துவமனையில் பெரிய நலக்கண் இருக்கிறதே, அதனிடம் காட்டலாம் என்று கிளம்பினாள். மின்தூக்கி பழுது. சரக்குத்தூக்கியில் ஏறினாள்.

உள்ளே ஒன்பதாம் மாடி சடையப்பன் நின்றிருந்தார். உடுமலைப் பக்கம் யானைகள் முகாமில் பராமரிப்பாளர். யானைகள் மட்டும் எச்சமிலியைத் தொடவில்லை. தொட்டியைத் தும்பிக்கையால் கவிழ்த்துவிட்டு இலைதழைக்கே திரும்பிவிட்டன. ஆகவே ஊரில் சாணம் அள்ளும் வேலை என்று மிஞ்சியது அந்த முகாமில்தான். அவர் மேல் வாடை வருகிறது, பொதுத்தூக்கியில் ஏறக்கூடாது என்று போன வருடம் குடியிருப்போர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். நித்திலாவும் இட்டிருந்தாள். அதை நினைத்து இப்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துண்டுக்குள்ளிருந்து பொத்தான் முனகியது. கீழே இறங்கப் பார்த்தது. இறக்கிவிட்டதும் மறுபடி முதுகை வளைத்தது.

"அம்மணி, நாய் வெளிக்குப் போகலீங்களா?" என்றார் சடையப்பன்.

"இப்பத்தானுங்க வெளிய கூட்டிட்டுப் போறேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதில்லீங்க. வயித்துல இருக்கிறது வெளிய வரலீங்களான்னு கேட்டேன்."

"இதுக்கு எச்சமே வராதுங்களே. எங்க ஆலை வில்லைதான் சாப்பிடுது."

"தொட்டுப் பார்க்கட்டுங்களா?"

அவர் குந்தி உட்கார்ந்தார். பெரிய கை, காய்த்துப்போன விரல்கள். ஆனால் நாயின் வயிற்றை அவர் தடவிய விதத்தில், ஈரச் சேலையில் சுருக்கம் நீக்குகிற பதம் இருந்தது. பொத்தான் எதிர்க்கவில்லை.

"வாந்தி எடுத்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"தண்ணி குடிக்குதா? எந்திரிச்சு நடக்குதா?"

"கொஞ்சம் குடிக்குது. நடக்குது."

"அப்ப நாமளே பார்க்கலாமுங்க. வாந்தி வந்தாலோ, சுருண்டு படுத்துக்கிட்டாலோ வீட்டு வைத்தியம் உதவாது. முகாம் டாக்டரம்மாகிட்டத்தான் தூக்கிட்டு ஓடோணும்." அவள் விரலைப் பிடிக்காமல், எந்த இடம் என்று மட்டும் காட்டினார். அவள் தொட்டாள். கோலிக்குண்டுகள் போல வரிசையாக ஏதோ தட்டுப்பட்டது. "முடிதானுங்க. உதிர்ற காலம். நக்கி நக்கி முழுங்கியிருக்குது. உங்க வில்லை கரையும், முடி கரையுமா? அதைப் பின்னாடியிருந்து தள்ளிட்டுப் போறதுக்கு ஒண்ணுமே வரலீங்களே."

பதினாறு வருடம் தரம் பார்த்தவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை.

சடையப்பன் வீட்டில் ஓர் அடுப்பு இருந்தது. யானைகளுக்கு வந்த அரசாணிக்காயில், அதாவது மஞ்சள் பூசணியில், ஒரு கீற்றை நறுக்கி, தோலும் விதையும் நீக்கி வேகவைத்தார். உப்பில்லை, எண்ணெயில்லை. வெந்த காயின் மணம் அறை முழுக்கப் பரவியபோது நித்திலாவுக்கு வாயில் நீர் ஊறியது; என்னவென்று புரியாமல் அதை விழுங்கிக்கொண்டாள்.

ஆறவைத்து மசித்து, ஒரு தேக்கரண்டி மட்டும் வைத்தார். "இத்தனூண்டு உடம்புக்கு இது போதும். நிறைய வெச்சா வயித்தால போயிரும்." அதைத் தண்ணீராகக் கரைத்துக் கிண்ணத்தில் நீட்டினார். பொத்தான் மூக்கைச் சுளித்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது, பிறகு கிண்ணத்தைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது.

"மனுசங்க மாத்திரை ஏதும் குடுத்துடாதீங்க. தண்ணி காட்டிட்டே இருங்க. அப்புறம் நடக்க விடுங்க. நடந்தாத்தான் குடலும் நடக்கும்."

அன்று முழுவதும் அவர்கள் ஒன்பதாம் மாடி நடைவழியில் நாயோடு நடந்தார்கள். இடையில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் வயிற்றில் ஒத்தடம். வட்டமாக, மெதுவாக, அழுத்தாமல். மாலையில் இன்னொரு தேக்கரண்டி. ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் களைத்துப்போய் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டது.

நித்திலா அதன் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டனுங்க."

"தெரியுமுங்க. நூத்தி நாப்பதாவது பேரு." சடையப்பன் துணியைப் பிழிந்தார். "சரக்குத்தூக்கியில கூட்டம் இல்லீங்க. நிம்மதியாப் போகலாம். ஒத்தடத்துக்கு இன்னும் தண்ணி வேணுங்களா?"

அவள் கை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள். வேணும் என்று தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிப் புல்திட்டில் பொத்தானை இறக்கிவிட்டாள். அது மோந்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. முதுகை வளைத்தது. நித்திலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் கறுப்பாக, கல்போல ஒன்று. அதன் பின்னால் ரோமம் பின்னிய ஒன்று. கடைசியில் மஞ்சளாக, மிருதுவாக. வேலையை முடித்த பொத்தான் பின்னங்கால்களால் புல்லை வாரி இறைத்துவிட்டு, மாடி முழுக்கக் காற்றுப் போல ஓடியது.

நித்திலா அந்தக் குவியல் அருகே உட்கார்ந்து அழுதாள். எழுந்து ஒன்பதாம் மாடிக்கு ஓடி, கதவைத் தட்டி, அவர் திறந்ததும் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"நல்லதுங்க. கடைசியில வந்தது என்ன நிறம்?"

"மஞ்சளுங்க."

"அப்ப வழி திறந்துருச்சு" என்றார். அவர் முகத்திலும் அப்படியொரு மலர்ச்சி.

அன்றே அவள் மனுவிலிருந்து தன் பெயரை நீக்கக் கடிதம் கொடுத்தாள். ஆலைக்கு அறிக்கை எழுதினாள். நலக்கண்ணிடம் நோயைப் பதியச் சொன்னாள். "பட்டியலில் சேர்க்க நூறு பதிவுகள் தேவை" என்றது அது. "சரி, இதை முதல் பதிவா வெச்சுக்கோ" என்றாள். "பட்டியலில் இல்லாத நோயைப் பதிய இயலாது" என்றது.

அவள் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். ஒரு வருடமாக அங்கே ஒரு கனம். நலக்கண் ஒவ்வொரு மாதமும் நலம் என்றுதான் சொன்னது, அவளும் நம்பினாள். நேற்று நாயின் வயிற்றைத் தொட்டாளே, அதே போல மெதுவாக அழுத்தினாள். கோலிக்குண்டுகள் இல்லை. ஆனால் ஏதோ இருந்தது.

மாலையில் மறுபடி சடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அரசாணிக்காய் இன்னும் இருக்குதுங்களா?"

"நாய்க்குங்களா? அதுக்கு இனி வாரத்துல ரெண்டு தரம் போதுமுங்க."

"நாய்க்கில்லீங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்தார். இந்த முறை கொஞ்சம் உப்பும் போட்டார். அவள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் வாங்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

"ஏனுங்க, நம்ம கட்டடத்துல… நாளைக்கு நான் எங்கீங்க போறது?"

"முகாம்ல எங்களுக்குன்னு பழைய கழிப்பறை ஆறு இருக்குதுங்க. காலையில ஆறு மணிக்குப் பின்வாசல்ல வண்டி வரும். இடம் கிடைக்கிறதுதான் கொஞ்சம் சிரமம்."

"உங்க வேலையாளுங்க அத்தனை பேருங்களா?"

"வேலையாளுக மூணே பேருங்க" என்றார் சடையப்பன்.

மறுநாள் ஆறு மணிக்கு, பொத்தானை இடுக்கிக்கொண்டு நித்திலா வண்டியில் ஏறினாள். பதினெட்டு இருக்கைகளும் நிறைந்திருந்தன. எல்லோரும் சன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண்மணி, முகத்தை மறைத்திருந்த முக்காட்டை விலக்கிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். எச்சமிலி ஆலையின் தலைமைத் தர அதிகாரி குமுதவல்லி.

"உக்காரு நித்திலா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "நான் ரெண்டு வருசமா வர்றேன்."