திரும்ப மறுத்த சக்கரம்

போன் அலறியது.

எடுத்தார் இன்ஸ்பெக்டர். மறுமுனையில் தங்கையின் கணவர். கண் டாக்டர்.

"மச்சான்... யாரோ என்னைக் கொல்லப் பாத்துட்டாங்க."

ரேஸ் டிராக்குக்கு ஜீப் பறந்தது.

பிணம் எதுவும் இல்லை.

டயர் சுவரில் மூக்கைப் புதைத்தபடி ஒரு குடும்பக் கார். பக்கத்தில், மணிக்கட்டில் கட்டோடு டாக்டர்.

வாரம் முழுக்க அந்தக் காரை ஓட்டுவது அவர் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு வந்தால் டாக்டர் அதை டிராக்கில் விரட்டுவார். அதற்காகவே காருக்கு அடியில் படுத்துப் புரண்டு, வீல் அலைன்மென்ட்டைத் தன் கையாலேயே மாற்றியிருந்தார். முன் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். முன்விளிம்பு லேசாக வெளியே பார்க்கும். வளைவில் வண்டி வெடுக்கென்று திரும்பும்.

ஒரு நூல் மாறினாலும் தன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

"இன்னிக்கு ஸ்டியரிங்கைத் திருப்புறேன்... வண்டி அது பாட்டுக்கு நேராப் போகுது மச்சான். சக்கரத்துல யாரோ கை வச்சிருக்காங்க."

"யார் மேல சந்தேகம்?"

டாக்டர் கண்ணால் காட்டினார். மருந்துக்கடைக்காரர். டிராக்கில் எப்போதும் இவர் காரின் வாலைப் பிடித்தபடியே போட்டிக்கு வருபவர்.

இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே அழைத்துக் குடைந்தார். மனிதர் ஆடிப்போய்விட்டார். டாக்டரின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டதே அவர்தான். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். டாக்டருக்கு என்னவோ போலிருந்தது.

காரை அலைன்மென்ட் கடைக்கு இழுத்துப் போனார்கள். பம்பர் மட்டும்தான் நசுங்கியிருந்தது. சக்கரங்களுக்கு அடி படவில்லை.

மெஷினில் ஏற்றினார்கள். திரை ஒளிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் தப்பைக் காட்டும் சிவப்பை எதிர்பார்த்தார்.

எல்லாம் பச்சை!

அத்தனையும் கம்பெனி சொன்ன அளவு என்றார் மெக்கானிக். இம்மி பிசகவில்லை.

"கொல்ல வர்றவன் கம்பெனி அளவு பாத்து, ஒழுங்கா வச்சுட்டா போவான் மாப்ள?"

டாக்டர் திரையை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"வீட்லேர்ந்து நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க? உள்ளங்கைக்கு ஒண்ணும் தெரியலையா?"

"வண்டி... இன்னிக்கு நல்ல மூட்ல இருக்குன்னு நெனச்சேன்."

இந்த வண்டி ஒழுங்காக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள் ஒருத்திதான். டாக்டரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் அவர் வீட்டுக்குத் திரும்பியது.

தங்கை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. நேர் ரோட்டில் கூட கார் இங்கும் அங்கும் பாய்ந்ததாம். பின்சீட்டில் மகளை வைத்துக்கொண்டு தினமும் உயிரைக் கையில் பிடித்தபடி ஓட்டினாளாம். பொறுக்க முடியாமல் கடையில் கொடுத்துச் சரிசெய்திருக்கிறாள்.

"அவர்கிட்ட சொன்னேனேண்ணா. போன்ல ரேஸ் ரவுண்டு டைம் பாத்துக்கிட்டே 'ம்'னாரு."

அப்போதுதான் கணவனின் கட்டு அவள் கண்ணில் பட்டது. பேனா கீழே விழுந்தது.

"ஏதாவது ஆயிருந்தா..." என்றபடி எழுந்து அவர் பக்கம் வந்தாள்.

"ம் சொன்னேன்" என்றார் டாக்டர், தரையைப் பார்த்து. "நீ என்ன சொன்னேன்னுதான் காதுல விழல."

பிறகு அவராகவே மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.



"அதை விடுங்க டாக்டர்" என்றார் மருந்துக்கடைக்காரர். "மோதுறதுக்கு முந்தின ரவுண்டோட டைம் இப்பதான் வந்துச்சு. இதுவரைக்கும் நீங்க போட்டதுலயே அதுதான் வேகம். அப்படி என்ன செட்டிங் வச்சீங்க?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"புகாரை வாபஸ் வாங்குறீங்களா மாப்ள... இல்ல, கொலைகாரிகிட்டயே அடுத்த வார செட்டிங்கையும் கேட்டுக்கறீங்களா?"