எழுதாத ஏற்பாடு

"வந்துட்டீங்களா? காலையிலேர்ந்து எத்தனை தடவை போன் பண்றது? இங்கே வாங்க, இதைப் பிடிங்க."

நாற்காலி மேல் நின்று, உத்தரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள் மார்னி ஹோல்ராய்ட். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட வகுப்பறை. வெளியே யார்க்ஷயர் மலைகளையே கரைத்துவிடுவது போல நவம்பர் மழை. உள்ளேயும் அதே மழைதான், சொட்டுச் சொட்டாக…

வாசலில் நின்றவன் தலையோடு கால் நனைந்திருந்தான். மறுபேச்சில்லாமல் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து தொட்டியை வாங்கிக்கொண்டான்.

"ஏணி எங்கே?"

"கொண்டு வரலைங்க."

"கூரை ஒழுகுதுன்னு சொல்லித்தானே கூப்பிட்டோம்? ஏணி இல்லாம எப்படி… பறந்து போவீங்களா?"

"கூரையைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்," என்றான் அவன் நிதானமாக. "ஏப்ரலுக்கு அப்புறம் இதைச் சரி பண்ண வேண்டியது கவுன்சில் இல்ல, டிரஸ்ட்."

அப்போதுதான் மார்னி அவனை நேராகப் பார்த்தாள். சாம்பல் நிறக் கண்கள்… மழை விட்டதும் பளபளக்கும் கற்பலகைக் கூரை மாதிரி. அவற்றுக்குள் ஒரு சிரிப்பு, வெளியே வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் என்ட்விசில், இங்கேயா இருக்கீங்க?" தலைமையாசிரியை மிஸஸ் சக்டன் எட்டிப் பார்த்தார். "மார்னி கண்ணு, நம்ம பள்ளிக்கூடம் அகாடமியா மாறி டிரஸ்ட் கைக்குப் போகுதுல்ல, அதைப் பார்த்துக்கிற வக்கீல் இவர்தான். ஆமா, ஏன் தொட்டியும் கையுமா நிக்கிறார்?"

அந்த மழையில் தானும் கரைந்து போய்விடலாம் போலிருந்தது மார்னிக்கு.

அன்று மாலை கூடத்தில் ஊழியர்கள் எல்லாரும், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முகங்களில் கவலை. கேலம் என்ட்விசில் பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. பள்ளி உள்ளூர் கவுன்சிலின் கையிலிருந்து, பள்ளிகளை நடத்தும் ஒரு டிரஸ்ட்டின் கைக்குப் போகிறது, முதலாளிதான் மாறுகிறார், சம்பளம், லீவு, சர்வீஸ் எல்லாம் உங்களோடு அப்படியே கூட வரும் என்றான்.

"ஆனா எனக்குத் தெரியாததை என்னால கூட்டிட்டுப் போக முடியாது. வாய்வார்த்தையா ஏதாவது ஏற்பாடு இருந்தா சொல்லிடுங்க. புது முதலாளிக்கு அதைத் தெரியப்படுத்தணும்."

மார்னிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருபவரைக் கூட்டிவர, செவ்வாயும் வியாழனும் அவள் சீக்கிரம் கிளம்புவாள். 'போயிட்டு வா கண்ணு' என்று மிஸஸ் சக்டன் சொன்ன ஒரு வார்த்தைதான் ஆதாரம். அவரோ கோடையில் ஓய்வு பெறுகிறார். அப்புறம் யாருக்கு நினைவிருக்கும்? அந்தச் சலுகை போய்விட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

ஆனாலும் இத்தனை பேர் முன்னால், வீட்டுக் கஷ்டத்தைக் கடை விரிப்பதா? வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவனிடம் போனாள். "உங்களைத் தொட்டி பிடிக்க வச்சதுக்கு… சாரி. கால்வாய்க் கரையில ஒரு கடை இருக்கு, ஒரு டீ வாங்கித் தரட்டுமா?"

அவன் முகம் மலர்ந்தது… உடனே மூடிக்கொண்டது. "வேண்டாம் மிஸ் ஹோல்ராய்ட். அது சரியா இருக்காது."

சுருக்கென்று தைத்தது. பள்ளியின் எடுபிடி ஆயாவோடு டீ குடித்தால் வக்கீலின் கௌரவம் குறைந்துவிடுமோ? அதன் பிறகு அவன் வரும்போதெல்லாம் மார்னி ஒதுங்கிப் போனாள். எதிர்ப்பட்டால், "ஏணி கொண்டு வந்தீங்களா சார்?" என்று ஒரு குத்தல். வீட்டுக்குப் போய், ஏன் சொன்னோம் என்று வருத்தம் வேறு.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. பஸ் நிறுத்தத்தில் சாரலுக்கு ஒதுங்கி நின்றவளின் பக்கத்தில் அவன் வந்து நின்றான்.

"இன்னிக்கும் சீக்கிரம் கிளம்பிட்டீங்க."

"வேவு பார்க்கறீங்களா? போய் டிரஸ்ட்கிட்ட போட்டுக் கொடுங்க."

"சொல்லணும்னுதான் ஆசை. போட்டுக் கொடுக்க இல்ல… உங்களுக்கு அது நிலைக்கறதுக்காக." அவன் குரல் தணிந்தது. "மிஸஸ் சக்டனைக் கேட்டேன். 'அவளே சொன்னாத்தான் சொல்லலாம்'னுட்டாங்க. நாளைக்குத்தான் கடைசிக் கூட்டம். நான் பள்ளிக்கூடத்தோட வக்கீல், உங்க வக்கீல் இல்ல. உங்க யூனியனைக் கேளுங்க. ஆனா பேசாம மட்டும் இருந்துடாதீங்க."

"பரிதாபமா?"

"பரிதாபப்பட்டா டீக்கு வந்திருப்பேன். யாரோட வேலை என்ன ஆகும்னு நான் பார்த்துச் சொல்லணுமோ, அவங்கள்ல ஒருத்தரோட போய் உட்கார்ந்து சிரிச்சுப் பேசினா… அப்புறம் மத்தவங்க என்னை எப்படி நம்புவாங்க?"

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே அவன் சின்னதாகி மறையும் வரை பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாரி ஹோல்ராய்ட் போர்வையை இழுத்துக்கொண்டு முறைத்தார்.

"என்னை எதுக்குடி மறைச்சு வைக்கிற? நான் என்ன திருட்டுச் சரக்கா?"

மறுநாள் கூட்டத்தில் மார்னி எழுந்து நின்றாள். அப்பாவைப் பற்றி, செவ்வாய் வியாழன் பற்றி, எல்லாம் சொன்னாள். பிறகு சமையல்காரம்மா மெல்லக் கை தூக்கினார், தனக்கும் அப்படி ஒன்று உண்டு என்று. பின்வரிசையில் இன்னொரு கை. கேலம் தலை நிமிராமல் குறித்துக்கொண்டே இருந்தான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

ஏப்ரலில் வாசல் பலகை மாறியது. மார்னியின் செவ்வாயும் வியாழனும் மாறவில்லை. பழைய ஏற்பாடு அப்படியே தொடரும் என்று டிரஸ்ட் ஒப்புக்கொண்டிருந்தது.

அந்த மாதம் ஒரு செவ்வாயன்று அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தாள். வெயிலில் கேலம் நின்றிருந்தான். கழுத்தில் டை இல்லை, கையில் பை இல்லை.

"இங்கே யாருக்கு என்ன?" அவள் பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பள்ளிக்கூட வேலை முடிஞ்சுது. இனிமே நான் அவங்களுக்கு யாருமில்ல." ஓரடி முன்னால் வந்தான். "அந்தக் கூட்டங்கள்ல பாதிக்கு நான் நேர்ல வந்திருக்கவே வேண்டாம், மார்னி. போன்லயே முடிஞ்சிருக்கும். வந்தா உங்களைப் பார்க்கலாம்… அதான் வந்தேன்."

முதல் முறையாக அவள் பேரைச் சொல்கிறான். மார்னிக்குக் கண் கரித்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் ஹாரி.

"லங்காஷயர் சார்."

"அடக் கடவுளே… நம்ம யார்க்ஷயருக்குப் பரம்பரைப் பகையாச்சே! வக்கீல்னாக்கூடப் பொறுத்துக்கலாம்னு பார்த்தேன்." மகளின் கையை விடுவித்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "பஸ் வந்துரும். சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

மார்னி அந்தச் சாம்பல் நிறக் கண்களைப் பார்த்தாள். இப்போது அவற்றில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அவளுக்கோ பயம் எல்லாம் போயிருந்தது.

"நீங்க வர்ற நாள்லல்லாம் நான் ஒதுங்கிப் போனேன்ல, கேலம்? வராத நாள்ல ஜன்னலை விட்டு நகர்ந்ததே இல்ல… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."