மூன்றாம் தொட்டியின் பசி

தீனி நிறுத்திப் பத்தொன்பது நாளாகியும் மூன்றாம் தொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஆக்சிஜன் கோடு இறங்கிக்கொண்டே போவதை வான்மதி வெறித்துப் பார்த்தாள். டெக்சாஸின் வறண்ட வெளியில் தனித்து நிற்கும் அந்த ஆலையில், பழைய குண்டுகளிலிருந்து எடுத்த கடுகு வாயுத் திரவத்தை வெந்நீரில் சிதைத்து, மிஞ்சும் கழிவை பாக்டீரியாக்களுக்குத் தின்னக் கொடுப்பார்கள். கடைசிக் குண்டும் தீர்ந்துவிட்டது. அவை தின்னத் தின்னத்தான் தொட்டியின் ஆக்சிஜன் குறையும். பட்டினியில் இதற்குள் அவை செத்திருக்க வேண்டும். ஆனால் சுவருக்கு அப்பால், தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார்களின் இரைச்சலுக்கு அடியில், சேற்றில் புதைந்த காலை உருவுவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஏசி காற்றில் நசுக்கிய பூண்டின் வாசமும், அதற்குள் இனிப்பாக இன்னொன்றும் கலந்து வந்தது. ஞாயிறு மதியம். ஷிஃப்டில் அவளும் ஆபரேட்டர் ஜெயபிரகாஷும் மட்டும்தான்.

வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"ஜேபி, மூணாவது டேங்குக்கு ஃபீட் ஏதாவது போகுதா?"

"இல்லைங்க, வால்வை நான்தான் லாக் பண்ணினேன். மேல போய் செக் பண்ணிடறேன். சீக்கிரம் முடிஞ்சா பிளானோ வீட்டுக்குக் கிளம்பிடுவேன், பொண்ணு ரக்ஷாவுக்கு பர்த்டே."

"சூட் போட்டுட்டுப் போங்க."

சற்று நேரத்தில் இரும்புப் படிகளில் அவன் பூட்ஸ் ஏறும் ஒலி வாக்கிடாக்கியில் வந்தது. முகமூடிக்குள் மூச்சு கரகரத்தது. பிறகு அவன் குரல், தணிந்து.

"டேங்க்ல இருந்து நுரை நடைபாலம் வரைக்கும் வந்திருக்குங்க. நான் நகர்ந்தா அதுவும் நகருது."

"இறங்கி வாங்க ஜேபி. இப்பவே."

வாக்கிடாக்கியில் மூச்சொலி அறுந்தது. திரையில் கோடு செங்குத்தாக விழுந்தது. பெரிய தீனி கிடைத்ததுபோல.

அலாரத்தை அழுத்தினாள். வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று மீட்புக் குழு ஃபோனில் சொன்னது. அவளால் காத்திருக்க முடியவில்லை. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

படி. ஈரமான கைப்பிடி. இன்னொரு படி. மோட்டார்கள் நின்றிருந்தன. எப்போது நின்றன?

மேலே நுரை இல்லை. தொட்டியில் தண்ணீர் மட்டும். தெளிவாக. அசையாமல்.

நடைபாலத்தின் கோடியில், கம்பியில் சாய்ந்து ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். உடை கிழியவில்லை. ஜிப் கழுத்துவரை பூட்டியிருந்தது.

"ஜேபி?"

தலை திரும்பியது. முகமூடிக் கண்ணாடிக்குள் முகம் இல்லை. பழுப்பு நுரை. ஏறியது. இறங்கியது. மூச்சுபோல.

வலது கையுறை மெல்ல உயர்ந்தது. கழுத்தடியில் தடவியது. ஜிப்பின் நுனியைப் பிடித்தது.

கீழே இழுக்கத் தொடங்கியது.