கரடியின் மூச்சு

கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பிள்ளைகளில் போர்டன் கரடியைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுத்த ஆர்லோ கோவல் பக்கத்தில் வந்து நின்றால்கூட யாருக்கும் அடையாளம் தெரியாது.

இதில் டாரியாவுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். அவளுடைய அப்பா ஆயிற்றே!

மேடையில் அவர் அரசனாக நின்றிருக்கிறார், திருடனாக ஓடியிருக்கிறார். சினிமாவிலும் நடித்திருக்கிறார். அங்கே அவர் ராசி அப்படி, வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செத்துப்போவார். "அப்பா, இந்தப் படத்துல நீங்க எப்ப சாவீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் டாரியா சோளப்பொரியில் கை வைப்பாள். கார்ட்டூனில் மட்டும் அவர் சாகவே இல்லை. பல வருடங்கள் பனிக்கரடி போர்டனாகச் சௌக்கியமாக வாழ்ந்தார்.

போன இலையுதிர் காலத்தில் அப்பாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றும் கரகரப்பும்தான் வந்தன.

அதன்பிறகு அப்பா கடைக்குப் போனாலும் பேசுவதில்லை. எதற்கும் தலையாட்டல்தான். காலையில் டாரியாவை எழுப்ப வந்தால் போர்வையை இழுப்பார், அவ்வளவுதான். முன்பெல்லாம் அப்படியா எழுப்புவார்? கதவருகே நின்று, கரடி மாதிரி மூக்கால் நீளமாக மோப்பம் பிடித்து, உதடு படபடக்க மூச்சை விடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் டாரியா சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள். இப்போது வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை. அவளுக்கு அது தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

பிப்ரவரியில் போர்டனின் கடைசிக் கதை ஒலிப்பதிவுக்கு வந்தது. அப்பாவுக்குப் பதிலாகப் பேச டெஸ்மண்ட் என்ற நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இயக்குநர் ஜோஸ்லின் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆர்லோ, நீ சும்மா வந்து உட்காரு, போதும். நீ இல்லாம அந்தக் கரடிய வழியனுப்ப எனக்கு மனசு வரல."

அப்பா முடியாது என்று தலையாட்டினார். தலையாட்டுவது தொலைபேசியில் கேட்குமா என்ன?

"அப்பா வர்றாராம்!" என்று டாரியா எட்டிச் சொல்லிவிட்டாள்.

அப்பா முறைத்தார்.

"முறைக்காதீங்கப்பா. நீங்க இல்லன்னா அது போர்டனே இல்ல."

அப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "நான்தான்... இல்லையே... கண்ணு."

 அந்தக் கடைசிக் கதைக்குள் அப்பாவை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று டாரியாவின் மனம் அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை வெளியே மூக்கு உறைந்துபோகிற குளிர். எஞ்சின் உறையாமல் இருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் சொருகிச் சூடாக வைத்திருந்தும் கார் முனகிக்கொண்டுதான் கிளம்பியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் டெஸ்மண்ட் எழுந்து வந்து வணங்காத குறையாக நின்றார். கையில் இரண்டு பச்சை ஆப்பிள்கள். பேசும்போது நாக்கு ஒட்டி 'டிக் டிக்' என்று சத்தம் வரக்கூடாது என்பதற்காகக் குரல் நடிகர்கள் பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொள்வார்கள்.

"உங்களுக்கும் ஒண்ணு கொண்டுவந்தேன் சார்," என்றார். "உங்க கரடிய நான் பறிக்க வரல. கெடுக்காம இருந்தா போதும்னு பயந்துகிட்டே வந்திருக்கேன்."

அப்பா ஆப்பிளை வாங்கிக்கொண்டார். கடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசப் போகிறவர்களுக்குத்தானே அது!

கடைசிக் காட்சி வந்தது. வளர்ந்துவிட்ட குட்டிக்கரடி தனியாகப் பனிமேல் நடந்து போகப் போகிறது. போர்டன் அதை வழியனுப்ப வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று டெஸ்மண்ட் பேசினார்.

"போய் வா, குட்டி. பனி உன்னைத் தாங்கும்."

அச்சு அசல் அப்பாவின் பழைய குரல்! அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஜோஸ்லின் உதட்டைப் பிதுக்கினார். "இன்னொரு தடவை." டெஸ்மண்ட் திரும்பப் பேசினார். "இன்னொரு தடவை." பிறகு ஜோஸ்லினே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா என்னவோ இல்ல. என்னன்னுதான் புரியல."

டாரியாவுக்குப் புரிந்துவிட்டது.

"கரடி மூச்சே விடல," என்றாள். "போர்டன் யாரையாவது பிரியறப்ப முதல்ல மோந்து பாப்பான். அப்புறம் மூச்சு விடுவான். அப்புறம்தான் பேச்சு."

டெஸ்மண்ட் முயன்று பார்த்தார். இழுத்து மூச்சு வாங்கி, உதடு படபடக்க விட்டார்.

"அது குதிரை," என்றாள் டாரியா.

"குதிரையேதான்," என்று டெஸ்மண்ட் சிரித்துவிட்டார். "எனக்குக் கரடி வாய் வரைக்கும்தான் வருது பாப்பா, மூக்குல வரமாட்டேங்குது."

டாரியா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க குரல்தானே போச்சு? மூச்சு போகலையே!"

 அப்பாவின் முகம் இறுகியது.

"பாவம் பாத்து... வேணாம்," என்றார் கரகரப்பாக.

"யாரு பாவம் பாத்தா? எனக்கு அந்தக் கரடி வேணும்! தினமும் காலையில வேணும். நீங்க பேசலன்னா பரவால்லப்பா. மூச்சையுமா நிறுத்திக்குவீங்க?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த ஆப்பிளை எடுத்து 'கறுக்'கென்று கடித்தார்.

ஜோஸ்லின் ஒலிப்பதிவு அறையின் கதவைத் திறந்துவிட, டெஸ்மண்ட் வெளியே வந்து வழிவிட்டார்.

உள்ளே போன அப்பா டாரியாவையும் கை காட்டி அழைத்தார். வழியனுப்ப எதிரில் ஓர் ஆள் வேண்டுமே! அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"உள்ள யாரோ தாளைக் கசக்கற மாதிரி சத்தம் கேக்குதே?" என்று ஜோஸ்லினின் குரல் வந்தது.

டாரியா காலை அசைத்தாள். சரசர! பனிக்காகப் போட்டிருந்த வழவழப்பான கால்சட்டை. அதைக் கழற்றாமல் ஒலிப்பதிவு அறைக்குள் வரக்கூடாது என்று குரல் நடிகரின் மகளுக்குத் தெரியாதா? அவசரத்தில் மறந்துவிட்டாள். கழற்றி வெளியே எறிந்தாள். உள்ளே இருந்தது, மான் படம் போட்ட சிவப்புக் கம்பளிக் கால்சட்டை. கண்ணாடிக்கு அப்பால் டெஸ்மண்ட் நாகரிகமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

முதல் முறை அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். மறுபடி நின்றார்.

குனிந்து, டாரியாவின் உச்சந்தலைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய் மெல்ல மோந்தார். அந்த மூச்சை விட மனமில்லாதவர் போல உள்ளேயே வைத்திருந்தார். பிறகு உதடு படபடக்க, நடுங்கி நடுங்கி அது வெளியே வந்தது. போகாதே என்பதும் போய் வா என்பதும் அதிலேயே இருந்தன.

"எனக்கு இங்க வேலை இல்ல," என்றார் டெஸ்மண்ட் மெதுவாக. "இதுக்கு மேல அந்தக் கரடி எதுக்குப் பேசணும்?"

"வேண்டாம். கடைசி வரியைத் தூக்கிடறேன்," என்றார் ஜோஸ்லின். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும். அறையைப் பதிவு பண்ணணும்," என்றார்.

அது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் உள்ளே இருப்பவர்கள் அசையாமல் நிற்க, அறையின் அமைதியைச் சிறிது நேரம் பதிவு செய்வார்கள். ஒவ்வோர் அறையின் அமைதியும் ஒரு விதமாம். பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளை அதை வைத்துத்தான் நிரப்புவார்கள்.

அப்பாவும் டாரியாவும் கைகோத்து நின்றார்கள். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டாரியாவுக்கும் வழிந்தது. துடைத்தால் சட்டைக் கை உரசிச் சத்தம் வரும் என்பதால் இருவரும் துடைக்கவில்லை.

மறுநாள் காலை டாரியாவின் கதவருகே யாரோ நீளமாக மோப்பம் பிடித்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவள் துள்ளி எழுந்தாள்.

பனி உருகிய பிறகு அந்தக் கதை தொலைக்காட்சியில் வந்தது. முடிவில் பெயர்கள் ஓடின. 'போர்டன் கரடி. குரல்: டெஸ்மண்ட் பைக். மூச்சு: ஆர்லோ கோவல்.'

டாரியா கைதட்டிக் கூத்தாடினாள். பிறகு உதட்டைச் சுழித்தாள். "என் பேரு எங்கப்பா?"

"நீயும்... இருக்கே," என்றார் அப்பா. இப்போதெல்லாம் அந்தக் கரகரப்புக்கு அவர் கூச்சப்படுவதில்லை. "கரடி மூச்சு விடறதுக்கு... முன்னால... கேளு."

டாரியா அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள். வெள்ளைப் பனியில் கரடி குட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் மூச்சு விடவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

அந்தச் சத்தமில்லாத இடத்தில் அப்பாவும் அவளும் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள்.