இருநூற்றுப் பதினான்கு அம்புகள்

மேலே போனவை இருநூற்றுப் பதினான்கு. கீழே வந்தது ஒன்றுகூட இல்லை.

திரையின் இடது மூலையில், கறுப்புப் பட்டைக்குள், ‘பறப்பில்: 214’ என்று வெள்ளை எழுத்து நின்றது. வில்லரசர் அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எண் மாறவில்லை. எண்களுக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியாது.

வில்லரசர் என்பது அவருடைய பட்டப்பெயர். சூட்டியவரும் அவரே. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளர், கார் நசுங்கியவர்களையும் வீடு எரிந்தவர்களையும் “நிபந்தனைகளை முழுசாப் படிச்சீங்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. சனி ஞாயிறுகளில் அதே வேலையை இணையத்தில் சம்பளமில்லாமல் செய்தார். பூதங்களும் மந்திரவாதிகளும் உலவும் ஒரு வீடியோ கேமுக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் ‘மோட்’ எழுதுவார்கள். புது வாள், புது வில், புதுக் குதிரை என்று ஆட்டத்துக்குள் சொருகிக்கொள்ளும் கூடுதல் நிரல்கள். சொருகத் தெரியாமல் சொருகி, ஆட்டம் குப்புற விழுந்து, ரசிகர் மன்றத்தில் வந்து அழுபவர்களுக்கு ஆறு வருஷமாக அவர் ஒரே பதிலைத்தான் எழுதிவந்தார்: ‘முதலில் குறிப்பைப் படியுங்கள்.’ அவர் படித்ததில்லை. குறிப்பு என்பது மற்றவர்களுக்காக எழுதப்படுவது.

இன்று அவர் நிறுவியது ‘மெய்வில்’ என்ற வில்வித்தை மோட். தூரத்து இலக்குக்கு விட்ட அம்பு பாதி வழியில் மறைந்துபோகிறது என்று மன்றத்தில் பத்துப் பேர் புலம்பியிருந்தார்கள். வில்லரசர் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தார். ‘உலக எல்லை = 1’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே ‘இதை மாற்றாதே’ என்று எச்சரிக்கை. யாரைப் பார்த்து ‘மாற்றாதே’ என்கிறான்? ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டார். எல்லையே இல்லையென்றால் அம்பு எங்கே போய் மறையும்? பிறகு வழக்கமான சோதனை. வில்லாளியை ஒரு மைதானத்தில் நிறுத்தி, ஆட்டத்தின் காவலர்கள் மேல் பட்டு வம்பு வராதபடி அவனை அண்ணாந்து வானத்தைப் பார்க்க வைத்து, எய்யும் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி, மவுஸ் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அதற்குள் இருநூற்றுப் பதினான்கு.

ரப்பர் பேண்டைக் கழற்றினார். வில்லாளியின் பார்வையை இறக்கி, முப்பதடி தள்ளி நின்ற வைக்கோல் பொம்மையைக் குறிவைத்து மூன்று அம்பு விட்டார். மூன்றும் பொம்மையின் நெஞ்சுக்குள் போயின. முதுகு வழியாக வெளியே போயின. சத்தமில்லை. பட்டை 217 என்றது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி வெயில் திரைச்சீலையின் ஓரத்தில் கத்தி போல் ஒரு கோடு கிழித்திருக்க, கணினிப் பெட்டிக்குள் சூடேறிய தூசு லேசாகத் தீய்ந்து நாற, ஹெட்போனுக்குள் ஆட்டத்தின் காற்று மட்டும் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடாமலே வைத்திருப்பதுபோல் இரைய, வில்லரசர் ஒலியளவைக் கூட்டினார், கம்பியைப் பிடுங்கிச் சொருகினார், கடைசியில் ஹெட்போனையே கழற்றினார்.

தக்.

சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. பட்டை 216 ஆனது.

அவர் மனைவி ஈரத்துணி வாளியோடு கதவருகே வந்து நின்றாள். “என்னங்க, ஆணி அடிக்கிறீங்களா?”

“நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.”

“அதானே பார்த்தேன். வீட்டுல ஏதோ வேலை நடக்குதுன்னு ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்.” வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். “நான் மாடிக்குப் போய் துணி காயப்போடறேன். தம்பி நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறான், எழுப்பிடாதீங்க. ராஜாவுக்கு யுத்தம் முடிஞ்சா அடுப்புல பாலைப் பாருங்க.”

செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

மேசை ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை. பால் பொங்கவில்லை. ஆனால் தரையில் பால் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் கதவில், அவருடைய நெஞ்சு உயரத்தில், ஓர் அம்பு நின்றது. கறுத்த தண்டு, சாம்பல் நிற இறகு. உள்ளேயிருந்த பால் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் விரல் பருமனில் ஓர் ஓட்டை, அதிலிருந்து செங்கல் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் இறகைத் தொட்டார். அது ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த பறவையின் வாடை அடித்தது. இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும் என்று மோட்டின் இணையப் பக்கத்தில் பீற்றியிருந்தார்கள். பொய்யில்லை.

பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பெருமை வந்துவிட்டது. மன்றத்தில் போடவேண்டிய பதிவின் முதல் வரியை வில்லரசர் மனத்துக்குள் எழுதத் தொடங்கினார்: ‘நண்பர்களே, இதுவரை எவரும் கண்டிராத ஒரு பிழையை இன்று…’

இரண்டாவது அம்பு அவருடைய இடது காதைக் கொண்டுபோயிற்று.

முழுக் காதை அல்ல. மேல் பாதியை. அது அலமாரிக் கதவில் அம்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் சூடாக வழிந்ததைத் துடைத்தபோதுதான் கை சிவந்திருப்பது தெரிந்தது. கத்த வாய் திறந்தார். மாடியில் அவள் துணியை உதறும் சத்தம் கேட்டது. பளார், பளார் என்று.

அறைக்கு ஓடினார். ஆட்டத்தை மூடினார். மோட்டை அழித்தார். திரை காலியானது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

தக்.

மூன்றாவது. சமையலறையில் ஏதோ கண்ணாடி நொறுங்கியது.

ஆட்டத்தின் நடுவில் மோட்டைப் பிடுங்கினாலும், ஏற்கனவே நடந்தது, ஆட்டத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் சேவ் ஃபைலுக்குள் தங்கிவிடும் என்று எத்தனை பேரை அவரே திட்டியிருக்கிறார். ஆட்டத்தை மூடினால் அம்பு நிற்காது. அதைத் தடுத்து நிறுத்த ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான். மோட்டைத் திரும்ப நிறுவி, சேவ் ஃபைலைத் திறந்தார். மைதானம் வந்தது. பட்டை வந்தது.

பறப்பில்: 214.

பொம்மைக்கு விட்ட மூன்றும் இறங்கிவிட்டன. மீதி 214. அவை எங்கே?

“மாமா, என்ன சத்தம்?” மைத்துனன் லுங்கியை இறுக்கிக்கொண்டே, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். “ஐயோ, காதுல என்ன ரத்தம்?”

“ஒண்ணுமில்லடா. சின்ன பிழை.”

“சின்னதா? பாதிக் காதைக் காணோம் மாமா!” அவன் இடது கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து பார்த்தான். “இந்தக் கேமை விட்டுத்தொலைங்கன்னு அக்கா எத்தனை…”

தக்.

அவன் பேச்சு நின்றது. ஊன்றிய கையைப் பார்த்தான். புறங்கையின் நடுவிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக முளைத்திருந்தது. விரல்கள் ஐந்தும் விரிந்து, தம்பாட்டுக்குத் துடித்தன. கீபோர்டின் எழுத்துகளுக்கு இடையில் ரத்தம் வாய்க்கால் பிடித்து ஓடியது. அலறல் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோது அது மனிதக் குரலாக இல்லை.

பட்டை: 213.

வில்லரசர் அண்ணாந்தார். கூரையில் விரல் பருமனில் ஓர் ஓட்டை. அதன் வழியே வெயில் ஒரு குச்சிபோல் இறங்கி மேசையைத் தொட்டது. அவருடைய நாற்காலிதான் வில்லாளி நின்ற இடம். பொம்மைக்கு நேரே விட்டவை நேரே போயின. வானத்துக்கு விட்டவை…

கூரைக்கு மேலே மாடி. மாடியில் அவள்.

“என்னடா சத்தம் அங்க?” அவள் குரல் மேலேயிருந்து கேட்டது. அடுத்த நொடி அவளும் அலறினாள்.

212. 211.

ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அவர் குத்தினார். மெனு வந்தது. மெனு வந்தால் ஆட்டத்துக்குள் பறப்பதெல்லாம் அப்படியே நிற்கும். எண்ணைப் பார்த்தார். 211. மூச்சைப் பிடித்துக்கொண்டார். 211. இன்னும் 211.

“எதையும் தொடாதே! அப்படியே இரு!”

“மாமா, கை… கையை எடுத்து விடுங்க மாமா… விட்டுட்டுப் போகாதீங்க…”

அவர் படியில் ஓடினார்.

மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. காற்று இல்லை. கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை, அதில் சிவப்பாகத் தெறித்த பொட்டுகள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வலது பாதத்தின் வழியே, செருப்போடு சேர்த்து, ஓர் அம்பு தளத்துக்குள் இறங்கியிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார்.

அவள் உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் முதல் அம்பு. முனை கீழ்நோக்கி. அசையாமல். அதற்கு மேல் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. அதற்கு மேல் பத்து, இருபது. கண் எட்டும் உயரம்வரை, மாடியின் அகலம் முழுக்க, வெறும் நீல வானத்தில் ஆடாமல் தொங்கின. தளமெங்கும் அவற்றின் நிழல் கோடு கோடாய்.

“என்னங்க இது?” அவள் கிசுகிசுத்தாள். சத்தமாகப் பேசினால் அவை விழுந்துவிடும் என்பதுபோல். “யாரு எய்யுறாங்க?”

அவர் மண்டியிட்டு அம்பைப் பிடித்து இழுத்தார். ரத்தத்தில் கை வழுக்கியது. அவள் அவருடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டாள்.

“கழட்ட முடியல. இறகை ஒடிச்சிடறேன். அப்புறம் உன்னைத் தூக்கிக் காலை மேல உருவறேன். பல்லைக் கடிச்சுக்கோ.”

“சீக்கிரம்… தம்பிக்கு என்ன ஆச்சு? அவன் ஏன் கத்துறான்?”

“பேசாத. தூக்கறேன்.”

தண்டு ஒடிந்தது. எழுந்து, அவள் இடுப்பை இரண்டு கைகளாலும் சுற்றித் தூக்கினார். பாதம் தண்டோடு மேலே நகர்ந்தது. எலும்பில் உரசும் சத்தம் அவருடைய பல்லுக்குள் கேட்டது. இன்னும் இரண்டு விரற்கடை. ஒன்று. வந்துவிட்டது. அவள் முழு எடையும் அவர் கைகளில் இருந்தது. எத்தனை வருஷமாயிற்று அவளைத் தூக்கி என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது.

“மாமா!” கீழேயிருந்து அழுகை கலந்த குரல். “நான் இந்தச் சனியனை ஆஃப் பண்ணிடறேன்!”

“தொடாதடா! டேய்! பிளக்கைத் தொடாதே!”

“வலி தாங்கல மாமா! நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க, ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணினா சரியாயிடும்னு!”

தளத்தில் நிழல்கள் நகர்ந்தன.

அவர் படியைப் பார்த்தார். எட்டு அடி. அவளை விட்டுவிட்டுப் பாய்ந்தால் எட்டிவிடலாம். அவர் விடவில்லை. அவள் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டார். ஓர் அடி எடுத்துவைத்தார்.

தக்.

தோளில். கை மரத்தது. தக். தொடையில். அவர் சரிந்தார். பிறகு எண்ண முடியவில்லை. ஒரே சத்தம். சல்லடை. தண்ணீர்த் தொட்டி வெடித்தது. ஓட்டுத்தூளும் தண்ணீரும் இறகும். அவர் கன்னம் தரையில். கண் மூடவில்லை.

நின்றது.

தொட்டித் தண்ணீர் மட்டும் ஒழுகியது. மாடி முழுக்க அம்புகள் அறுக்காத பயிர்போல நெருக்கமாக நின்றன. அவர் உடம்பு எங்கெங்கே தரையோடு தைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லை. கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. தண்டுகளுக்கு நடுவே அவள் பாதங்கள் தெரிந்தன. இரண்டும் நேராக, கீழ்நோக்கி. அவள் விழவில்லை. பிழைத்துவிட்டாள்.

“மாமா?” கீழே குரல். “இப்ப சரியாயிடுச்சா?”

பாதங்களுக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரற்கடை வெயில் இருந்தது. அவர் தூக்கிய உயரம். அந்த உயரத்திலேயே அம்புகள் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தன. இடது பாதம் அசையவில்லை. வலது பாதம் மட்டும், ஓட்டை வழியே சொட்டிக்கொண்டு, மெல்ல மெல்லத் துழாவித் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.